எட்டு லினக்ஸ் வழங்கல்கள், ஒரே கணினி, ஒரே தொல்லை: எதில் நிலைப்பது?

#1 கரிச்சான்
ஞாயிறு, இரவு 9.40

வீட்டில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. எட்டு ஜிபி ரேம். படங்களும் பாட்டுகளும் போட்டு வைக்க ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 இதில் ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்த வாரமே 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, லினக்ஸுக்கு வந்துவிட்டேன்.

வந்தவன் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கலாம். லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்களில் மின்ட், உபுண்டு, ஃபெடோரா, எம்எக்ஸ், டம்பிள்வீட், குபுண்டு, ஆர்ச் என்று சுற்றி, இப்போது டெபியன் 13இல் நிற்கிறேன். மின்ட் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இடது மூலையில் மெனு, கீழே பட்டை. யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஃபெடோராவின் க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலில் சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானைக் காணோம் என்று அரை நாள் தேடினேன். வேண்டுமென்றே வைக்கவில்லையாம். ஒரு வாரத்தில் அது இல்லாமலே பழகிவிட்டது. டம்பிள்வீட்டில், கணினி தொடங்கும்போதே நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிப் போக முடிகிறது. ஆர்ச்சை விக்கியைப் பார்த்துக் கையாலேயே நிறுவினேன். இரண்டு மாலைகள் போயின. எல்லாம் முடிந்து மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரை, மின்னும் ஒரு கோடு, இணையம் இல்லை. வலையமைப்பு மேலாளரை நிறுவ மறந்திருந்தேன். அதை இறக்க இணையம் வேண்டும். சிரித்துவிட்டு மறுபடியும் பென்டிரைவைச் செருகினேன்.

இப்போது தொல்லைக்கு வருகிறேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கணினி உறைந்துபோகிறது. எதில் எத்தனை முறை என்று பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இழை வேறு திசைக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் "இந்த வழங்கல் நம் கணினிக்கு ஒத்துவரவில்லை" என்று முடிவுகட்டி அடுத்ததற்குத் தாவினேன். ஏழு மாதத்தில் எட்டு. உறையாத ஒன்றைச் சொல்லுங்கள், அதிலேயே இருந்துவிடுகிறேன்.

#2 மரப்பாச்சி
ஞாயிறு, இரவு 10.15

எட்டுதானா? நான் இருபதைத் தாண்டியபோது எண்ணுவதை நிறுத்தினேன்.

ஒவ்வொன்றுக்கும் பென்டிரைவை அழித்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் முதலில் வென்டாயைப் பாருங்கள். பென்டிரைவில் அதை ஒரு முறை நிறுவிவிட்டால் போதும். பிறகு ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புகளை வெறுமனே நகலெடுத்துப் போட்டுக்கொண்டே போகலாம். தொடங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். என்னுடைய 64 ஜிபி பென்டிரைவில் பத்துப் பன்னிரண்டு எப்போதும் இருக்கும்.

நூற்றுக்கணக்கில் வழங்கல்கள் இருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள். அடிமரங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. டெபியன் ஒன்று, உபுண்டு அதன் கிளை, மின்ட் உபுண்டுவின் கிளை, எம்எக்ஸும் டெபியன் வழிதான். ஃபெடோரா ஒரு மரம், ஆர்ச் ஒரு மரம், சூசே ஒரு மரம். 1993இல் வந்த ஸ்லாக்வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆக நீங்கள் எட்டு பார்த்ததாக நினைக்கிறீர்கள். உண்மையில் நான்கு மரங்களின் கிளைகளில் தாவியிருக்கிறீர்கள். குபுண்டு என்பது கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் சூழல் போட்ட உபுண்டு, அவ்வளவே. உபுண்டுவை அழிக்காமல் அதிலேயே பிளாஸ்மாவை நிறுவியிருந்தால், நுழைவுத் திரையில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கலாம்.

உறைவதற்கு, திரையில் சாளரங்களைக் காட்டும் வேலேண்ட் காரணமாக இருக்கலாம். நுழைவுத் திரையில் அதற்கு முந்தைய முறையான எக்ஸ்11 அமர்வு கிடைத்தால் அதில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

#3 ஒற்றைப்பனை
திங்கள், காலை 6.05

சட்டையை மாற்றினால் காய்ச்சல் விடாது, தம்பி.

எட்டு இடத்திலும் ஒரே தொல்லை என்றால் எட்டிலும் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். இயங்குதளத்தின் கருவான கர்னல் பொதுவானது. வன்பொருள் பொதுவானது. நீங்களும் பொதுவானவர். இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. வழங்கல் என்பது என்ன? கர்னலையும் க்னூ கருவிகளையும் ஒரு டெஸ்க்டாப் சூழலையும் சேர்த்துக் கட்டி, அவற்றை எப்போது, எப்படிப் புதுப்பிப்பது என்று ஒரு கொள்கை வைத்துக்கொண்டு கொடுப்பது. சுவர்ப்படமும் ஐகான்களும் வழங்கல் அல்ல. அவற்றைப் பத்து நிமிடத்தில் எதில் வேண்டுமானாலும் மாற்றலாம்.

கொள்கையில்தான் வேற்றுமை இருக்கிறது. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வெளிவரும்; வெளிவந்தபின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர வேறு எதையும் லேசில் தொட மாட்டார்கள். 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் 6.1 கர்னலோடு வந்தது, 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் 6.12 கர்னலோடு வந்தது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு முறை; ஒரு பதிப்பின் ஆயுள் 13 மாதம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும், ஐந்து ஆண்டு ஓடும். ஆர்ச்சுக்கும் டம்பிள்வீட்டுக்கும் பதிப்பே கிடையாது, ஆற்றைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு எந்த ஓட்டம் ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பட்டியல் தானாக உதிர்ந்துவிடும்.

டெபியனில் இருக்கிறீர்கள் அல்லவா? அங்கேயே இருங்கள். உறைந்தால் அழித்துவிட்டு ஓடாமல், உறைந்த இடத்தில் உட்கார்ந்து ஏன் என்று பாருங்கள்.

#4 தும்பி
திங்கள், காலை 8.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் விண்டோஸில்தான் இருக்கிறேன், இந்த இழையைப் படித்துத்தான் ஆசை வந்தது. மூன்று கேள்விகள். வழங்கலை மாற்றும்போது என் கோப்புகள் போய்விடாமல் இருக்க ஹோம் கோப்புறையைத் தனிப் பார்ட்டிஷனாக, அதாவது வட்டின் தனிப் பகுதியாக, வைக்கச் சொல்கிறார்களே, சரியா? விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸைப் பக்கத்தில் போடலாமா? தமிழ்99 விசைப்பலகை இருக்குமா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால் முதல் இரண்டும் வேண்டாம்.

#5 தாழ்வாரம்
திங்கள், காலை 9.10

கரிச்சான், பரிந்துரைகள் குவிவதற்கு முன்னால் நான்கு கேள்விகள்.

உறைந்த நேரத்தில் மவுஸ் நகர்கிறதா? பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது என்ன ஆகிறது? பவர் பொத்தானை அழுத்தாமல் எவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்திருக்கிறீர்கள்? நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே நேரடியாக ஓட்டியபோதும் உறைந்ததா?

#6 மரப்பாச்சி
திங்கள், பகல் 1.20

தும்பி, ஹோமைத் தனியாக வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது மந்திரக்கோல் அல்ல. ஹோமில் உங்கள் கோப்புகள் மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளைப் புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புறைகளில் அங்கேதான் எழுதிவைக்கிறது. புதிய வழங்கலில் இருந்து பழைய மென்பொருள்கள் உள்ள வழங்கலுக்குத் தாவினால் இவை முரண்டு பிடிக்கும். 67ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ், தன்னைவிடப் புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தைத் திறக்க மறுத்து, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும். புக்மார்க்குகள் எல்லாம் போய்விட்டன என்று அன்று நான் அழாத குறை.

இப்போது நான் செய்வது இதுதான்: ஹோம் ஒவ்வொரு வழங்கலுக்கும் புதிது. ஆவணங்கள், படங்கள், பாட்டுகள் ஆகியவை வேறொரு பார்ட்டிஷனில் இருக்கும். ஹோமிலிருந்து அவற்றுக்கு இணைப்பு மட்டும் கொடுத்துவிடுவேன்.

எப்படி வைத்தாலும் வெளியே ஒரு நகல் வேண்டும். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, வட்டில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையால் ஓர் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதினேன். பென்டிரைவ் எப்போதும் "எஸ்டிபி" என்ற பெயரில்தான் வரும், விரல்களே அதைத் தட்டும். அன்று வெளி ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தது. அது முதலில் செருகப்பட்டதால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. டிடி எதுவும் கேட்காது, எதுவும் சொல்லாது. பென்டிரைவின் விளக்கு சிமிட்டவில்லையே, ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு ஏன் சிமிட்டுகிறது என்று உறைத்தபோது இரண்டு ஜிபி எழுதியாகிவிட்டது. ஆறு ஆண்டுப் படங்கள். ஃபோட்டோரெக் நிரலால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் எல்லாக் கோப்புகளுக்கும் பெயர் போய் வெறும் எண்களாக வந்தன. இன்றுவரை அடுக்கி முடிக்கவில்லை.

விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயங்குகிறது என்றால் அதன் மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸின் வேகத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பார்ட்டிஷனில் எழுதுவது ஆபத்து. கடைசியாக, கடிகாரம் மணிக்கணக்கில் தப்பாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. இரண்டில் ஒன்றை மாற்றினால் சரியாகிவிடும்.

தமிழ்99 பற்றி எழுத்தாணி வந்து சொல்வார். அவருக்கு அது உயிர்.

#7 நெட்டைக்கொக்கு
திங்கள், மாலை 5.45

#3க்குப் பதில். ஐயா, ஒவ்வொரு இழையிலும் டெபியன் என்றே எழுதுகிறீர்கள். இரண்டு ஆண்டுப் பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு அதற்கு "நிலையானது" என்று பெயர். கடையாணி துருப்பிடித்தாலும் கதவு அசையாமல் நிலையாகத்தான் நிற்கும்.

நான் ஐந்து ஆண்டாக ஆர்ச்சில் இருக்கிறேன். வாரம் ஒரு முறை, அதன் முகப்புப் பக்கச் செய்தியைப் படித்த பிறகு புதுப்பிப்பேன். படிக்காமல் புதுப்பித்து இரண்டு முறை மாட்டிக்கொண்டேன், இரண்டும் என் தவறு. 2021 ஏப்ரலிலிருந்து ஐஎஸ்ஓவிலேயே வழிகாட்டி நிறுவியும் இருக்கிறது. கையால்தான் நிறுவ வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. கரிச்சான் அந்த இரண்டு மாலைகளில் கற்றது, எட்டு வழங்கல்களில் "அடுத்து, அடுத்து" என்று அழுத்திக் கற்றதைவிட அதிகம் என்பேன்.

#8 ஒற்றைப்பனை
திங்கள், இரவு 8.00

துரு என்றதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் பின்கதவு வைத்திருந்தது வெளியானதே, அது எங்கெல்லாம் நுழைந்திருந்தது? உருண்டு ஓடும் வழங்கல்களிலும் சோதனைக் கிளைகளிலும். டெபியனின் நிலையான பதிப்பில் இல்லை. துருப்பிடித்த கடையாணிக்கு அன்று ஒரு பயன் இருந்தது. 2025 ஜூலையில், ஆர்ச் பயனர்களின் பொதிக் களஞ்சியமான ஏயூஆரில் தீநிரல் ஒளித்த பொதிகள் சிலவற்றைக் கண்டுபிடித்து நீக்கினார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் எழுதிய கட்டுமானக் குறிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் நிறுவுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் சொல்லாதீர்கள்.

#9 நெட்டைக்கொக்கு
திங்கள், இரவு 8.25

ஏயூஆர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். படிக்காமல் நிறுவக் கூடாது.

எக்ஸ்இசட் விஷயத்தில் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துக் கிளறினார். அவர் கணினியில் ஓடியது டெபியனின் நிலையற்ற கிளை, சிட். எல்லோரும் நிலையான பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பின்கதவு கண்ணில் படாமலே அடுத்த நிலையான பதிப்புக்குள் போயிருக்கும். நீங்கள் நிம்மதியாகத் தூங்க, யாரோ சிலர் முன்வரிசையில் விழித்திருக்கிறார்கள்.

#10 ஒற்றைப்பனை
திங்கள், இரவு 8.40

அந்த யாரோ சிலரில் வீட்டுக் கணினி வைத்திருக்கும் கரிச்சானையும் சேர்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஆனால் சிட் பற்றிச் சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

#11 கரிச்சான்
திங்கள், இரவு 9.30

மரப்பாச்சி, எக்ஸ்11இல் முன்பே ஓட்டிப் பார்த்துவிட்டேன். எம்எக்ஸில் இருந்ததே அதுதான். அங்கும் உறைந்தது.

தாழ்வாரம், உங்கள் கேள்விகளுக்குக் காலையில் என்னிடம் பதில் இல்லை. இன்று மாலை உறைந்தது. முதல் முறையாகக் கை நீட்டாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

மவுஸ் நகர்கிறது. ஆனால் எதை அழுத்தினாலும் திறப்பதில்லை. ஏற்கெனவே திறந்திருந்த எழுதுபலகையில் எழுத்துகளைத் தட்ட முடிந்தது. சேமிக்கப் போனதும் அதுவும் நின்றுவிட்டது. பாட்டு தொடர்ந்து ஓடியது. அது முடிந்து அடுத்த பாட்டு வரவில்லை. பிறகு, கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், சரியாக அரை நிமிடத்தில் எல்லாம் ஒரேயடியாக உயிர்பெற்றது. நான் அழுத்தியிருந்த நான்கு சாளரங்களும் படபடவென்று திறந்தன. இதுவரை பத்து விநாடிகூடப் பொறுக்காமல் பவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

பென்டிரைவில் ஓட்டும்போது ஒரு முறைகூட உறைந்ததில்லை. ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கிறேன். நிறுவிய பிறகுதான் வருகிறது. அதனால்தான் நிறுவும் நிரல்தான் எதையோ கெடுக்கிறது என்று நினைத்தேன்.

#12 இரவல்
திங்கள், இரவு 10.05

ரேம் போதவில்லை. எட்டு ஜிபியில் உலாவி ஒன்றே முக்கால்வாசியைத் தின்றுவிடும். ரேமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் போடுங்கள். ஃபெடோரா 33ஆம் பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே கொடுக்கிறது.

#13 தாழ்வாரம்
திங்கள், இரவு 11.15

இசட்ரேம் நல்லது, போட்டுக்கொள்ளட்டும். ஆனால் இது ரேம் பஞ்சம்போல் தெரியவில்லை. ரேம் தீர்ந்தால் கணினி மெல்ல மெல்லத் திணறும், மவுஸும் விட்டுவிட்டு நகரும். இது சொல்லிவைத்தாற்போல நின்று, சொல்லிவைத்தாற்போல எழுகிறது.

அரை நிமிடம் என்கிறீர்களே, அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். வட்டுக்கு ஒரு கட்டளை அனுப்பினால் அதற்குப் பதில் வரக் கர்னல் இயல்பாக 30 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் இணைப்பை அறுத்து, மீண்டும் இணைத்து, கட்டளையைத் திரும்ப அனுப்பும். நினைவகத்தில் ஏற்கெனவே ஏறியிருப்பவை அதுவரை ஓடும்: மவுஸ், பாதிப் பாட்டு, திறந்திருந்த எழுதுபலகை. வட்டைத் தொட வேண்டியவை எல்லாம் வரிசையில் நிற்கும். நீங்கள் எழுதியது அச்சு அசலாக இதுதான்.

பென்டிரைவில் ஓட்டும்போது ஏன் வரவில்லை? அங்கே எஸ்எஸ்டியை யாரும் தொடுவதில்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். டெர்மினலைத் திறந்து, ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கர்னல் செய்திகளுக்கான விருப்பத்தோடு ஓட்டி, இன்று மாலை உறைந்த நேரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியை நிறுவி, எஸ்எஸ்டி தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையை எடுங்கள். எல்லா எஸ்எஸ்டியும் ஒரே அளவீடுகளைக் காட்டுவதில்லை. உங்களுடையதில் 199ஆம் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. எஸ்எஸ்டியை மாட்டியபோது அதற்கான கேபிள் எங்கிருந்து வந்தது?

#14 எழுத்தாணி
செவ்வாய், காலை 7.20

தும்பி, தமிழ்99 இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் இருப்பதால் புதியவர்கள் தப்பானதை எடுத்துவிட்டு "சரியாக வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

விசைப்பலகை அமைப்புகளின் பட்டியலில் தமிழ்99 என்று ஒன்று தெரியும். அது விசைகளை எழுத்துகளோடு பொருத்துவது மட்டுமே; முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அதற்குத் தெரியாது. தமிழ்99இன் அழகே, க-வை இரு முறை தட்டினால் "க்க" என்று தானாகப் புள்ளி விழுவதும், ங-வுக்குப் பின் க வந்தால் "ங்க" ஆவதும்தான். அது வேண்டுமென்றால் உள்ளீட்டு முறை வேண்டும். க்னோம், மின்டின் சின்னமன் போன்ற டெஸ்க்டாப் சூழல்களில் அது ஐபஸ். அதோடு எம்17என் பொதியையும் நிறுவி, தமிழ் உள்ளீட்டு முறைகளில் தமிழ்99ஐச் சேருங்கள். பிளாஸ்மாவில் எஃப்சிஐடிஎக்ஸ்5 இன்னும் ஒட்டிப்போகும். வேலேண்டில் ஓட்டினால் பிளாஸ்மாவின் அமைப்புகளுக்குள் "மெய்நிகர் விசைப்பலகை" என்ற பக்கத்தில் எஃப்சிஐடிஎக்ஸ்5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெய்நிகர் விசைப்பலகை என்றால் திரையில் தெரியும் பலகை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஒரு வார இறுதி போயிற்று.

லிப்ரே ஆபீஸில் எழுதுபவர் என்றால் இன்னொரு குழி இருக்கிறது. எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறாமல் நிற்கும். தமிழை அது சிக்கல் எழுத்து வரிசையில் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்கான எழுத்துரு தனிப் பட்டியில் இருக்கிறது. நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவி, அந்தப் பட்டியில் ஒரு முறை அமைத்துவிடுங்கள்.

டெர்மினலில் தமிழ் அழகாகத் தெரியும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்கு. கொம்பும் காலும் கட்டத்துக்குள் அடங்காமல் சிதறி நிற்பதைப் பார்த்தால் மனம் வலிக்கும். தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் கோப்பு மேலாளரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு வழங்கலை மதிப்பிடுவது இந்த வேலையை வைத்துத்தான். பென்டிரைவில் தொடங்கி, தமிழ்99ஐ அமைத்து, ஒரு பக்கம் தட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். வழங்கல்களைப் பட்டியலிடும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசை எனக்கு வேண்டாம். அது அந்தத் தளத்தின் பக்கங்களை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற கணக்கு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதல்ல. அவர்களே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

#15 தும்பி
செவ்வாய், காலை 7.50

நன்றி. சனிக்கிழமை மின்டைப் பென்டிரைவில் போட்டுப் பார்க்கப் போகிறேன். டிடி கட்டளையைத் தொட மாட்டேன்.

#16 கரிச்சான்
செவ்வாய், இரவு 9.05

தாழ்வாரம், தலை குனிந்து எழுதுகிறேன்.

நேற்று மாலை 6.42க்குக் கர்னல் செய்திகளில் ஒரு கொத்துச் சிவப்பு வரிகள். கட்டளை தோல்வி, காலம் கடந்தது, அதற்குக் கீழே "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்". அதற்கும் கீழே, இணைப்பின் வேகத்தை விநாடிக்கு 6 ஜிகாபிட்டிலிருந்து 3ஆகக் குறைப்பதாக ஒரு வரி. முந்தைய நாட்களுக்குப் போனால் இதே கொத்து இன்னும் நான்கு இடங்களில். இதில் டெபியனை நிறுவி மூன்று வாரம்தான் ஆகிறது. மற்ற ஏழிலும் இவை இருந்திருக்கும். அவற்றையும் சேர்த்து அழித்துவிட்டு அல்லவா வந்திருக்கிறேன்!

199ஆம் எண் இருக்கிறது. பெயர் சிஆர்சி பிழை எண்ணிக்கை. மதிப்பு 1,874.

கேபிள் பற்றிக் கேட்டீர்கள். எஸ்எஸ்டியோடு கேபிள் வரவில்லை. மேசை இழுப்பறையில், எந்தக் காலத்துக் கணினியிலிருந்து கழற்றியதோ தெரியாத ஒரு சாட்டா கேபிள் சுருண்டு கிடந்தது. அதைப் போட்டேன். நடுவில் நன்றாக மடிந்த தடம் உண்டு. ஒரு முனையில் பூட்டும் தகடு உடைந்திருக்கிறது.

#17 தாழ்வாரம்
செவ்வாய், இரவு 9.30

அது போதும். 199 என்பது வட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தரவு சிதைந்து போன தடவைகள். எஸ்எஸ்டி புதிது என்பதால் இந்த 1,874இல் பெரும்பாலும் எல்லாமே அந்தக் கேபிளின் கைங்கரியமாக இருக்கும். எஸ்எஸ்டியைக் குறை சொல்ல இப்போதைக்கு ஆதாரம் இல்லை.

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பூட்டும் தகடு உள்ள புதுக் கேபிள் ஒன்றை மாட்டுங்கள். மதர்போர்டில் வேறொரு சாட்டா துளைக்கு மாற்றினால் இன்னும் நல்லது. கூர்மையாக மடிக்காதீர்கள். தினமும் ஒரு முறை 199ஐக் குறித்து வையுங்கள். வழங்கலை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கேபிளை மாற்றியபின் கோப்பு அமைப்பையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஏழு மாதம் நடுவில் பவர் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்.

#18 ஒற்றைப்பனை
செவ்வாய், இரவு 9.45

கர்னல், வன்பொருள், நீங்கள் என்று மூன்று சொன்னேன். இரண்டு சேர்ந்து வந்திருக்கிறது.

#19 மரப்பாச்சி
புதன், காலை 10.10

ஐயா, அவரை விடுங்கள். நானும் இதில் வேலேண்டைத்தான் கை காட்டினேன். கேபிள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கேபிள் ஒழுங்காக இருந்திருந்தால் கரிச்சான் மின்டிலேயே உட்கார்ந்திருப்பார். டம்பிள்வீட்டில் நேற்றைக்குத் திரும்பிப் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆர்ச்சின் கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார். தாவுவதைத் தனிக் கணினியிலோ, கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியிலோ வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். எனக்கே இப்போது அப்படித்தான்: வேலைக்கு மின்ட், விளையாட்டுக்கு மெய்நிகர் கணினியில் வாரம் ஒன்று. மெய்நிகர் கணினியில் வைஃபை, தூக்கத்திலிருந்து எழுவது, கிராபிக்ஸ் அட்டை இவற்றின் குணம் தெரியாது. அவற்றுக்குப் பென்டிரைவ்தான்.

#20 நெட்டைக்கொக்கு
புதன், காலை 11.00

மரப்பாச்சி சொல்வதில் முதல் பாதியை வழிமொழிகிறேன். மின்டில் இருந்து வேலை பார்ப்பதை வழிமொழியவில்லை.

#21 கரிச்சான்
இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8.50

புதன் மாலையே கேபிளை மாற்றினேன், துளையையும் மாற்றினேன். கோப்பு அமைப்பில் மூன்று இடங்களில் திருத்தியது. கோப்பு எதுவும் போகவில்லை. 17 நாளாகிறது. ஒரு முறைகூட உறையவில்லை. இணைப்பு 6 ஜிகாபிட்டிலேயே நிற்கிறது.

ஒரே ஒரு கவலை. 199 இன்னும் 1,874 என்றே காட்டுகிறது. பூஜ்யமாக வேண்டாமா?

இன்னொன்று, டெபியனிலேயே இருக்கிறேன். ஆனால் டம்பிள்வீட்டில் பார்த்த அந்த "நேற்றைக்குத் திரும்பு" வசதி இல்லாதது குறையாகத்தான் இருக்கிறது. இதை அழிக்காமல் கொண்டுவர முடியுமா?

#22 தாழ்வாரம்
சனி, இரவு 9.20

ஆகாது. அந்த எண் குறையவே குறையாது, எஸ்எஸ்டியின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். 1,875 ஆனால் வந்து எழுதுங்கள்.

திரும்பிப் போகும் வசதிக்கு டைம்ஷிஃப்ட் நிறுவுங்கள், டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. உங்கள் பார்ட்டிஷனில் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு என்றால் ஆர்சிங்க் முறையைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடமாகப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காட்டுங்கள். அதில் லினக்ஸ் கோப்பு அமைப்பு இருக்க வேண்டும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் உதவாது. டைம்ஷிஃப்ட் காப்பது கணினி அமைப்பை மட்டும். ஹோமை இயல்பாகத் தொடாது. படங்களுக்குத் தனி நகல் வேண்டும்.

அந்த ஹார்ட் டிஸ்க்கின் கேபிளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

#23 கரிச்சான்
சனி, இரவு 9.55

பார்த்தேன். அதுவும் அதே இழுப்பறையிலிருந்து எடுத்ததுதான்.